தரையில் விரியும் ஓவியப் புத்தகங்கள்

பத்திரிகைக்கும் புத்தகத்துக்கும் படம் போடுகிறவர்கள் ஓரிடத்தில் கூடி, எதிரில் இருப்பதை வரைந்து, வரைந்ததை ஒருவருக்கொருவர் காட்டிப் பேசிக் கலையும் வழக்கம் சென்னையில் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நடக்கிறது. வெயில் ஏறுமுன் தொடங்குவார்கள். இரண்டு, இரண்டரை மணி நேரம் வரைவார்கள். பிறகு நிழலான ஓரிடத்தில் எல்லாருடைய ஸ்கெட்ச்புக்குகளையும் தரையில் விரித்து வைப்பார்கள். சட்டம் போட்ட படங்களோ திறப்பு விழாவோ இதற்குத் தேவையில்லை; ஆசிரியரும் கட்டணமும் கிடையாது. ஓவியக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவியும் முப்பது ஆண்டுகள் வார இதழ்களுக்கு வரைந்தவரும் ஒரே படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார்கள்.

படம் போடுவது தனியாள் வேலை. கதை கைக்கு வரும், கெடு வரும், வரைந்து கொடுத்தால் அச்சாகும். அதைப் பார்த்த இன்னொரு ஓவியர் என்ன நினைத்தார் என்பது வரைந்தவருக்குத் தெரியாமலே போய்விடும். வாசகர் கதையைப் பற்றிக் கடிதம் எழுதுவார். கதைக்கு வரைந்த கையின் விரல்கள் சரியாக வந்தனவா என்று எழுத மாட்டார். அதைச் சொல்லக் கூடியவர் அதே தொழிலில் இருப்பவர்தான். கூடல் பிறந்தது இந்தத் தேவையால்.

ஒரு காலத்தில் இந்தத் தேவையைப் பத்திரிகை அலுவலகமே தீர்த்துவைத்தது. ஆனந்த விகடனில் தலைமை ஓவியராக இருந்த மாலி என்ற டி. ஆர். மகாலிங்கம் தனக்குப் பின்வந்தவர்களைப் பெயர் சூட்டி வளர்த்தவர். தஞ்சாவூரில் 1924இல் பிறந்து கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்த எஸ். கோபாலனைக் கோபுலு ஆக்கியவர் அவர். நாமக்கல்லில் 1919இல் பிறந்த பி. எம். சீனிவாசனின் கை சிற்பத்திலும் கட்டடத்திலும் தனித்து நிற்பதைக் கண்டு சில்பி என்று பெயரிட்டவரும் அவரே. கோபுலுவின் கோடு மனிதர்களின் பக்கம் போனது. சில்பியின் கோடு கோயில்களின் பக்கம் போனது. ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்குக் கோபுலு வரைந்த படங்களையும் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ வரிசைக்குச் சில்பி கோயில் கோயிலாகச் சென்று வரைந்தவற்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒரே மூத்தவரின் கண்ணில் பட்டு வளர்ந்த இருவர் எவ்வளவு விலகிப் போக முடியும் என்பது புரியும். யாருக்கு எது வரும் என்று மாலி கண்டுசொன்னது சாதாரண உதவியாகாது. தன் கைக்கு எது இயல்பு என்பதை ஓவியர் தானாகக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். பக்கத்தில் இருப்பவர் ஒரே வாரத்தில் சொல்லிவிடுவார்.

அந்தத் தலைமுறையின் கோட்டுக்கு அச்சுமுறையும் ஒரு காரணம். துத்தநாகத் தகட்டில் செய்யும் லைன் பிளாக்கில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு. சாம்பல் நிறம் கிடையாது. நிழல் வேண்டுமானால் கோடுகளை நெருக்கியோ புள்ளி வைத்தோதான் காட்ட வேண்டும். அச்சில் வரும் அளவைவிடப் பெரிதாக வரைந்து சிறிதாக்குவதால், நெருக்கம் கொஞ்சம் கூடினாலும் இடைவெளியில் மை அடைத்துக்கொண்டு அந்த இடம் கறுத்துப் போகும். எவ்வளவு நெருக்கலாம் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை. அச்சான பக்கத்தை மூத்தவருடைய மேசையில் வைத்து, இரண்டு பேர் குனிந்து பார்த்துத்தான் அது கற்றுக்கொள்ளப்பட்டது.

பின்னர் ஓவியர்கள் வீட்டிலிருந்தே வரையத் தொடங்கினார்கள். படம் முதலில் ஆள் மூலம் போனது, பிறகு கூரியரில் போனது, இப்போது மின்னஞ்சலில் போகிறது. ஒரே இதழில் பத்தாண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் வரைந்த இருவர் நேரில் சந்திக்காமலே இருப்பதுண்டு. வசதி கூடியது, அந்த மேசை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூடல் அந்த மேசைக்கு மாற்றாக வந்தது என்றே கொள்ள வேண்டும்.

வெளியில் போய் வரையும் பழக்கம் இன்னொரு வழியாக வந்தது. சென்னை ஓவியக் கல்லூரி, 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சொந்தச் செலவில் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. ‘அவுட்டோர்’ என்று மாணவர்கள் சொல்லும் வெளிப்புற வரைதல் அங்கே பாடத்தின் ஒரு பகுதி. கல்லூரி முடித்தவர்களுக்குப் பிறகு கூட ஓரிடம் வேண்டியிருந்தது. கே. சி. எஸ். பணிக்கரும் நண்பர்களும் 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை அமைத்ததும், 1966இல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையோரம் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானதும் அந்தத் தேவையிலிருந்துதான். பத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களை விற்றே அந்தக் கிராமத்துக்கு நிலம் வாங்கினார்கள் என்பதை இன்றைய இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் அவை பெரும்பாலும் திரைச்சீலை ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்குமான இடங்கள். பத்திரிகைக்குப் படம் போடுகிறவர் அங்கே விருந்தாளியாகத்தான் இருந்தார்.

உலக அளவில் இந்த வழக்கத்துக்கு ஒரு பொதுப் பெயரும் வடிவமும் வந்தது அண்மையில்தான். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் செய்தித்தாள் ஓவியராக இருந்த கேப்ரியல் காம்பனாரியோ 2007இல் தொடங்கிய ‘அர்பன் ஸ்கெட்ச்சர்ஸ்’ இயக்கம், இருக்கும் இடத்திலேயே, கண்ணால் பார்த்ததை, நேர்மையாக வரைவது என்பதைக் கொள்கையாக வைத்தது. ஒருவருக்கொருவர் துணை நின்று சேர்ந்து வரைவது என்பதும் அதன் கொள்கைகளில் ஒன்று. இதைத் தொடங்கியவரும் பத்திரிகைக்குப் படம் போட்டவர்தான் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

இடம் தேர்ந்தெடுப்பதில் முதலில் பார்க்க வேண்டியது வெயில். மயிலாப்பூரை எடுத்துக்கொள்ளலாம். கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரம் சுமார் 120 அடி உயரம், ஏழு நிலை. அதற்கு எதிரே நின்றால் காலை வெயில் ஓவியரின் முதுகுப் பக்கமிருந்து கோபுரத்தின் முகத்தில் நேராக விழும். ஒவ்வொரு பொம்மையும் தெரியும்; தெரிவதாலேயே ஆபத்து. எண்ணி எண்ணி வரையத் தொடங்குபவர் மூன்றாவது நிலையோடு நேரம் முடிந்து நிற்பார். குளம் இருப்பதோ கோயிலுக்கு மேற்கே. குளத்தின் மேற்குக் கரையிலிருந்து பார்த்தால் அதே காலையில் வெயில் எதிரிலிருந்து வரும். கோபுரங்கள் ஒரே நிழலுருவமாக நிற்கும், தண்ணீர் மட்டும் மின்னும். கோட்டில் பழகியவர்கள் கிழக்கே போவதும் வாஷ் போடுகிறவர்கள் குளத்துக்குப் போவதும் வழக்கம். புதிதாக வருகிறவர்களைக் குளக்கரைக்கு அனுப்புவதே நல்லது. நுணுக்கம் கண்ணில் படாதபோதுதான் மொத்த வடிவம் கைக்கு வரும்.

எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் நிழல் நிறைய. செங்கல் கட்டடங்களின் வளைவுகளும் மாடங்களும் நோக்குநிலைப் பயிற்சிக்கு ஏற்றவை. காசிமேட்டில் விடிவதற்கு முன்பே ஏலம் களைகட்டிவிடும். ஆறரைக்குப் போனால் பாதிக் கூட்டம் கலைந்திருக்கும். அங்கே யாரும் அசையாமல் நிற்பதில்லை என்பதால் ஒரே உருவத்தை ஐந்து பேரிடமிருந்து சேர்க்க வேண்டியிருக்கும்: ஒருவருடைய தோள், இன்னொருவருடைய கூடை பிடித்த கை, மூன்றாமவருடைய கால். கதைக்குப் படம் போடுகிறவருக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. உயர் நீதிமன்ற வளாகம், ரயில் நிலையம், துறைமுகம் போன்ற பாதுகாப்பு உள்ள இடங்களுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கிவிட வேண்டும். கோயிலுக்குள் வரைவதானால் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்காருவது மரியாதை.

சாமான்கள் குறைவாக இருப்பது நல்லது. ஏ5 அளவுப் புத்தகம், 2பி, 4பி பென்சில்கள், ஒரு பேனா, சிறிய வண்ணப் பெட்டி, மூடி இறுக்கமான தண்ணீர்ப் புட்டி, காகிதத்தைப் பிடிக்க இரண்டு கிளிப், பழைய துணி. காகிதத்தைப் பொறுத்தவரை கோட்டுக்கு 150 ஜிஎஸ்எம் போதும். வாஷ் போடுவதானால் 300 ஜிஎஸ்எம் இல்லாமல் முடியாது. மெல்லிய காகிதம் ஈரத்தில் அலை அலையாக எழும்பி, வண்ணம் பள்ளங்களில் தேங்கிவிடும். மை நீரில் கரையாததா என்று வீட்டிலேயே சோதித்துவிட வேண்டும். சாதாரணப் பவுண்டன் பேனா மையில் கோடு போட்டு, அதன் மேல் ஈரப் பிரஷ் வைத்தால் கோடு முழுதும் நீலச் சேறாகிவிடும். இதை எழுதுபவரின் முதல் மயிலாப்பூர்ப் படம் அப்படித்தான் கரைந்தது. பக்கத்தில் இருந்த மூத்த ஓவியர் தன் பேனாவை நீட்டி, “இதுல போடுங்க தம்பி, காயறதுக்கு ஒரு நிமிஷம் மட்டும் குடுங்க” என்றார். அந்த ஒரு நிமிடம் என்பதுதான் பாடம். நீரில் கரையாத மையும் காய்வதற்கு முன் கரையும்.

சென்னையின் தட்பவெப்பம் தனிப் பாடம். மே மாதத்தில் பிரஷ் காகிதத்தின் ஓரத்தைத் தொடுமுன் தொடங்கிய இடம் காய்ந்துவிடும். சீரான வானம் போட முடியாது. அப்போது காகிதத்தை முதலிலேயே நனைத்துக்கொள்வார்கள், அல்லது வானத்தை வெறுமையாக விட்டுவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் இதற்கு நேர்மாறு. முதல் பூச்சு அரை மணி ஆனாலும் காயாது; பொறுமையில்லாமல் இரண்டாவதைப் போட்டால் இரண்டும் கலந்து கலங்கிவிடும். மழை மாதங்களில் பென்சிலும் பேனாவுமே துணை.

வரையும் நேரத்தில் பேச்சு குறைவு. சுற்றி நின்று பார்ப்பவர்கள் பேசுவார்கள். பூக்கடை அம்மா தன் முகம் சரியாக வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். பள்ளிப் பிள்ளைகள் “அண்ணா, என்னையும் போடுங்க” என்பார்கள். இவர்களை விரட்டுவது தவறு. தெருவை வரைய வந்தவர் தெருவுக்குக் கடன்பட்டவர். ஒருவரை முன்னால் வைத்து வரைந்தால் முடிந்ததும் அவரிடம் காட்டிவிட வேண்டும். வேண்டாம் என்று அவர் கையசைத்தால் பென்சிலை வேறு பக்கம் திருப்ப வேண்டும்.

பத்து மணி அளவில் யாராவது ஒருவர் எழுந்து முதல் புத்தகத்தைத் தரையில் வைப்பார். கூடலின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாகப் புத்தகங்கள் வரும். காற்று பக்கத்தைத் திருப்பாமலிருக்க ஓரத்தில் ஒரு கல்லோ செருப்போ கிளிப்போ இருக்கும். இருபது புத்தகங்கள் விரிந்ததும் எல்லாரும் சுற்றி நின்று குனிந்து பார்ப்பார்கள். யாருடையது எது என்று முதலில் யாரும் சொல்வதில்லை. பெயர் தெரியாமல் பார்க்கும் சில நிமிடங்கள் அரிதானவை. மூத்தவர் வரைந்தது என்பதற்காகப் பாராட்டும் கட்டாயம் அப்போது இல்லை. புதியவர் வரைந்தது என்பதற்காகக் கடந்து போகவும் முடியாது.

இருபது பேரும் வரைந்தது ஒரே கோபுரத்தைத்தான். ஆனால் ஒருவர் கோபுரத்தைப் பக்கத்தின் மேல் ஓரத்துக்குத் தள்ளி, அடியில் பாத்திரக் கடையையும் ஆட்டோவையும் பெரிதாக்கியிருப்பார். இன்னொருவர் முதல் இரண்டு நிலைகளை மட்டும் எடுத்து, மற்றவற்றைக் காகிதத்துக்கு வெளியே விட்டிருப்பார். ஒருவர் புறாக்களை மட்டும் வரைந்திருப்பார். கோபுரம் இருப்பது அவை உட்காரும் கோணத்தில் தெரியும். மின்கம்பிகளை அழித்துவிட்டு வரைந்தவரும், அந்தக் கம்பிகளையே படத்தின் முதன்மைக் கோடுகளாக்கியவரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். எதை விட்டோம், ஏன் விட்டோம் என்பது தன் படத்தைத் தனியாகப் பார்க்கும்போது தெரிவதில்லை. அதே இடத்தை அதே வெயிலில் வரைந்த மற்றவருடைய பக்கம் அருகில் இருக்கும்போது மறைக்க முடியாமல் தெரிகிறது. புகைப்படத்தைப் பார்த்து வீட்டில் வரைந்து கொண்டுவந்து காட்டுவதில் இந்தப் பயன் கிடைக்காது. எல்லாரும் ஒரே காலைப் பொழுதில் இருந்திருக்க வேண்டும்.

பிறகு பேச்சு. “நல்லா இருக்கு” என்பதால் யாருக்கும் பயனில்லை. அனுபவம் உள்ளவர்கள் கேட்கும் கேள்விகள் வேறு: முதல் கோடு எங்கே போட்டீர்கள்? எந்த இடத்தில் அலுத்துப்போனது? இதற்கு மேல் போடக் கூடாது என்று எப்போது தோன்றியது? கடைசிக் கேள்விக்குப் பலரிடம் பதில் இருக்காது, ஏனென்றால் அவர்கள் நிறுத்தவேயில்லை. ஒரு கூடலில், பதினைந்து நிமிடத்தில் வரைந்த படத்துக்கு மேல் இன்னொரு மணி நேரம் உழைத்து அதைக் கெடுத்துவிட்டதாக ஓர் இளைஞர் சொன்னார். மறுவாரம் முதல், பதினைந்து நிமிடத்துக்கு ஒரு படம் என்று நான்கு பக்கம் வரைந்து, நான்கையும் விரித்துக் காட்டத் தொடங்கினார். ஆறு மாதத்தில் அவர் கோடு மாறிவிட்டது. இப்போது சிறுவர் புத்தகங்களுக்கு வரைகிறார்.

குறை சொல்வதிலும் ஒரு முறை உண்டு. வரைந்தவர் கேட்டால் மட்டுமே சொல்வது. சொன்னால் படத்தின் ஓரிடத்தைக் காட்டிச் சொல்வது. அடுத்தவர் பக்கத்தில் தன் பென்சிலை வைக்காமலிருப்பது. மூன்றாவது மிகவும் முக்கியம். திருத்திக் காட்ட வேண்டுமானால் தன் புத்தகத்தில் வரைந்து காட்டலாம். இன்னொருவருடைய பக்கத்தில் ஒரு கோடு போட்டாலும் அந்தப் பக்கம் அவருடையதாக இருக்காது. கல்லூரியில் ஆசிரியர் கைபோட்டுத் திருத்திய படத்தைப் பல ஆண்டுகள் வெறுப்போடு வைத்திருப்பவர்கள் உண்டு.

கூச்சப்படுகிறவர்கள் எல்லாக் கூடலிலும் இருப்பார்கள். புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, இன்று சரியாக வரவில்லை என்று ஒதுங்குவார்கள். கட்டாயப்படுத்தக் கூடாது; மூத்தவர் ஒருவர் தன் கெட்ட படத்தை முதலில் விரித்தால் போதும். இது பலமுறை பலித்த வழி. டேப்லெட்டில் வரைகிறவர்களும் இப்போது வருகிறார்கள். திரையைத் தரையில் வைத்தால் வெயிலில் தெரியாது என்பதால் நிழலுக்கு நகர்த்திப் பார்க்க வேண்டியிருக்கும். அதில் இன்னொரு வசதியும் இருக்கிறது: வரைந்த வரிசை முழுதையும் மறுபடி ஓட்டிக் காட்டலாம். முதல் கோடு எங்கே என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான பதில் இல்லை.

புத்தகங்களை மூடியபின் டீக்கடையில் தொழில் பேச்சு தொடங்கும். ஓர் அட்டைப் படத்துக்கு யார் எவ்வளவு கொடுக்கிறார்கள், எத்தனை திருத்தம்வரை கூடுதல் கூலி கேட்காமல் செய்வது, பணம் எத்தனை மாதத்தில் வருகிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். தனியாக வீட்டில் இருக்கும் ஓவியர் கேட்ட தொகைக்குத் தலையசைத்துவிடுவார். பத்துப் பேர் வாங்கும் தொகை தெரிந்தவர் அப்படிச் செய்ய மாட்டார். ஒரு பதிப்பகம் ஒரு முறை அட்டைக்கு என்று வாங்கிய படத்தை நாட்காட்டியிலும் பையிலும் அச்சிட்டு விற்றபோது, வரைந்தவருக்கு அது தெரிந்ததே கூடலுக்கு வந்த ஒருவர் அந்தப் பையைத் தோளில் மாட்டியிருந்ததால்தான். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. பல மாதம் அலைந்து பாதித் தொகை வாங்கினார்.

ஆகையால் சட்டத்தைக் கொஞ்சமாவது தெரிந்திருப்பது எல்லா ஓவியருக்கும் நல்லது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி பொதுவாக வரைந்தவரே முதல் உரிமையாளர். அவர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் உரிமை நிற்கும். சம்பளத்துக்கு வேலையில் இருந்து வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை முதலாளிக்குப் போகும். பத்திரிகை ஊழியராக இருந்தால், இதழில் வெளியிடும் அளவுக்கு மட்டுமே முதலாளிக்கு உரிமை. மற்ற உரிமைகள் வரைந்தவரிடம் இருக்கும். இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும், மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர் ஆவார் என்று அதே சட்டம் சொல்கிறது. வெளியார் வேலை எடுக்கும்போது ஒரு பக்க ஒப்பந்தமாவது எழுதிக்கொள்வது ஏன் அவசியம் என்பது இதிலிருந்து விளங்கும். உரிமையை மாற்றிக் கொடுப்பதும் கையெழுத்தோடு எழுத்தில் இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு, எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் கொள்ளும். உரிமையை விற்றபின்னும், படம் தன்னுடையது என்று சொல்லவும் தன் பெயருக்குக் கேடு வரும்படி அதைச் சிதைப்பதைத் தடுக்கவும் வரைந்தவருக்கு உரிமை உண்டு.

கூடலில் சிக்கல்களும் இல்லாமல் இல்லை. ஒருவருடைய பாணியை இன்னொருவர் எடுத்துக்கொண்டார் என்ற மனத்தாங்கல் அடிக்கடி வரும். கோட்டைப் பார்த்துக் கற்பது தொழிலின் இயல்பு. ஆனால் விரித்து வைத்த பக்கத்தைக் கேட்காமல் படமெடுத்து, அதன் அமைப்பை அப்படியே வேலைக்குப் பயன்படுத்துவது திருட்டு. கேட்டுவிட்டுப் படமெடுப்பது என்ற விதியை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஆள் பெருகுவதும் சிக்கல்தான். நாற்பது, ஐம்பது பேர் சேர்ந்தால் பேச நேரம் போதாது. பார்ப்பது நின்றுபோய், வரிசையாக அடுக்கிப் புகைப்படம் எடுப்பதோடு கலைந்துவிடுவார்கள். அப்படி ஆகும்போது பதினைந்து பேர் கொண்ட இரண்டு மூன்று வட்டங்களாகப் பிரிந்து விரிப்பதே சரி. நேரம் குறைவாக இருந்தால் வரைவதை அரை மணி முன்னதாக முடித்துக்கொள்ளலாம். விரித்துப் பார்ப்பதைக் குறைக்கக் கூடாது.

இத்தகைய கூடல் சென்னையில்தான் முடியும் என்பதில்லை. கும்பகோணத்தில் ஓவியக் கல்லூரி இருக்கிறது. மதுரையில் நான்கு மாசி வீதிகள் இருக்கின்றன. எந்த ஊரிலும் ஒரு சந்தையோ ஏரிக்கரையோ இருக்கும். தொடங்குவதற்கு மூன்று பேர் போதும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஓரிடத்தைக் குறித்துக்கொண்டு, தெரிந்த இரண்டு ஓவியர்களை அழையுங்கள். வரைந்து முடித்ததும் உங்கள் புத்தகத்தை முதலில் தரையில் வையுங்கள்.